காதுக்குள்ளா, காதின் மேலா?

பத்தாயிரம் ரூபாய்க்கும் இருபதாயிரம் ரூபாய்க்கும் இடையில் ஒரு தொகையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டு, என்ன வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "ஐஇஎம் வாங்குங்கள், அதே காசுக்கு இரட்டிப்புத் தரம்" என்பார் ஒருவர். "காதுக்குள் எதையும் திணிக்காதீர்கள், காதை மூடுகிற பெரிய ஹெட்போனில்தான் இசை இசையாகக் கேட்கும்" என்பார் இன்னொருவர். இருவரும் ஒலித்தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்து, ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் கேட்கப்போகிறீர்கள் என்று இருவருமே விசாரிப்பதில்லை. இந்த விலை வரம்பில் அந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகுதான் ஒலித்தரத்துக்கே இடம் என்பது என் கட்சி.

ஐஇஎம் எனப்படும் இன்-இயர் மானிட்டர் வீட்டுக்காகப் பிறந்த கருவி அல்ல. 1990களின் நடுவில் வான் ஹேலன் இசைக்குழுவின் ஒலிப் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அக்குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒன்றைச் செய்துகொடுத்தார். அங்கிருந்துதான் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. மேடை இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டுத் தன் வாசிப்பைத் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. இன்றைக்கும் அதன் பலம், பலவீனம் இரண்டும் அந்த அடைப்பிலிருந்தே வருகின்றன.

ரப்பர் முனை காதுக்குழாயை ஒழுங்காக அடைத்துக்கொண்டால், செவிப்பறைக்கும் கருவிக்கும் நடுவில் மிஞ்சுவது ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர் காற்றுதான். அந்தச் சின்ன அறைக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்க, பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சவ்வே போதும். அதனால்தான் சுண்டுவிரல் நுனியளவுக் கருவி இருபது ஹெர்ட்ஸ் வரை பேஸ் தருகிறது. முதுகு திறந்த ஓப்பன் பேக் ஹெட்போனில் இந்த வசதி இல்லை. 1997 முதல் பெயர்பெற்று நிற்கும் சென்ஹைசர் எச்டி 600கூட அடிமட்ட பேஸில் மெல்லச் சரிந்துவிடும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகுமே, அதைத் தெருச் சத்தத்துக்கு நடுவில் பின்தொடர ஐஇஎம்மை மிஞ்ச இந்த விலையில் ஆள் இல்லை.

விலைக் கணக்கும் அதன் பக்கம்தான். 2022இல் மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இரண்டும் சுமார் இருபது டாலருக்கு வந்தபோது, அதற்கு முன்பு பல மடங்கு விலையுள்ள கருவிகளில் மட்டும் கேட்ட சமநிலை அவற்றில் கேட்டது. ஐஇஎம்மில் செய்வதற்கு அதிகப் பொருள் இல்லை: ஒரு கூடு, ஒலியெழுப்பும் ஒரு டிரைவர், ஒரு வயர். ஹெட்போனுக்குத் தலைப்பட்டை வேண்டும், கீல் வேண்டும், மெத்தை வேண்டும், பெரிய பெட்டியில் கப்பலேற்றியாக வேண்டும். ஆகவே பத்தாயிரம் ரூபாய் என்பது ஐஇஎம் உலகில் கிட்டத்தட்ட மேல்மாடி. ஹெட்போன் உலகில் அது வாசற்படி. அதற்கு மேல் ஐஇஎம்மில் கொட்டும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைக்கும் மாற்றம் சிறுத்துக்கொண்டே போகும். டிரைவர்களின் எண்ணிக்கையை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு விற்பதில் மயங்க வேண்டியதில்லை. எட்டு டிரைவர் உள்ள மோசமான ஐஇஎம்கள் உண்டு; ஒரே டிரைவரில் அருமையானவையும் உண்டு.

மலிவு ஐஇஎம்களின் இந்த வெற்றிக்கு ஒரு காரணம் வரைபடம். எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று காட்டும் வளைகோட்டைப் பார்த்தே இன்று பாதிப் பேர் வாங்குகிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் நடத்திய ஆய்வுகள் இதற்கு அடித்தளம் போட்டன. பெரும்பாலோருக்கு எந்த வளைகோடு பிடிக்கிறது என்று கேட்கவைத்தே கண்டுபிடித்தார்கள். நல்ல காரியம், வெறும் வாய்ஜாலத்தில் விற்றுக்கொண்டிருந்த சந்தைக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஆனால் "பெரும்பாலோர்" என்றால் சுமார் மூவரில் இருவர். மீதிப் பேரில் சிலருக்கு பேஸ் கூடுதலாக வேண்டும், சிலருக்குக் குறைவாக வேண்டும். தவிர, இன்-இயருக்கு ஹார்மன் வைத்த இலக்கும் ஹெட்போனுக்கு வைத்த இலக்கும் ஒன்றல்ல. இன்-இயரில் பேஸ் கூடுதல். இரண்டு வகையின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து "இதுவே மேல்" என்று தீர்ப்புச் சொல்வது பிழை. செயற்கைக் காதில் எடுக்கும் அளவு, எட்டாயிரம், பத்தாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் உங்கள் காதுக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. முனை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போனாலே வளைகோட்டில் அங்குள்ள மேடு இடம் மாறிவிடும்.

அந்த மேடு எங்கே விழுகிறது என்பது நம் பாட்டுகளுக்கு முக்கியம். பழைய தமிழ்ப் பாட்டில் வயலின் கூட்டமும் பெண் குரலின் உச்சமும் மேல் ஸ்தாயியில் ஒன்றாக வந்து நிற்கும். கூடவே டேப்பின் சீறல். மேற்கத்தியப் புதிய ஒலிப்பதிவில் "துல்லியம்" என்று பாராட்டப்படும் பளிச்சென்ற ஐஇஎம், இங்கே தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும். வாங்குமுன் கேட்டுப் பார்க்க முடிந்தால், கடைக்காரர் போடும் டெமோ பாட்டை விட்டுவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.

ஹெட்போன் கட்சியின் பெரிய வாதம் "மேடை விரிவு". இதில் உண்மை இருக்கிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை அறிவதில் காதுமடலின் மடிப்புகளுக்குப் பங்குண்டு. ஐஇஎம் அந்த மடலைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. ஓப்பன் பேக்கில் ஒலி தலைக்கு வெளியே கொஞ்சம் நகர்ந்து நிற்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு கேள்வி: நீங்கள் கேட்பது என்ன? ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடலும், வானொலி நிலையத்தில் பதிவான பழைய கச்சேரியும் மோனோ. இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே ஒலி. அதில் விரிவதற்கு மேடையே இல்லை. மதுரை மணி ஐயரின் பழைய பதிவைக் கேட்க மேடை விரிவுக்காகப் பணம் கொடுப்பது வீண். 1992இன் 'ரோஜா'வுக்குப் பிந்தைய அடுக்கடுக்கான ஸ்டீரியோ ஒலிப்பதிவுகள்தான் உங்கள் ரசனை என்றால், அந்தப் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஹெட்போனின் உண்மையான மேன்மை வேறு. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். மூன்று மணி நேரம் கேட்டாலும் காதுக்குள் வலிக்காது. நம் குரலே தலைக்குள் முழங்குவது, நடக்கும்போது காலடி தொம் தொம் என்று கேட்பது, வயர் சட்டையில் உரசும் ஓசை என்று ஐஇஎம்மின் தொல்லைகள் எதுவும் ஓப்பன் பேக்கில் இல்லை. காதுக்குழாய் காற்றோட்டமாக இருக்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் காதில் பூஞ்சைத் தொற்று சாதாரணமாக வருவது. நாள் முழுக்க ரப்பர் முனையால் அடைத்துவைத்தால் அதற்கு வழிவிட்டதாகிவிடும். காதுக்குடைச்சலோ சீழோ உள்ளவர்கள் ஐஇஎம் பக்கமே போக வேண்டாம்.

இனி அந்த மேன்மையை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். ஓப்பன் பேக் எதையும் அடைக்காது. தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, ஆடி மாதத்துக் கோயில் ஒலிபெருக்கி எல்லாம் பாட்டோடு சேர்ந்தே வரும். உங்கள் பாட்டும் பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கேட்கும். சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவீர்கள். வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. பேருந்தின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். அடைப்பு சரியாக இருக்கும் ஐஇஎம்மில் மெதுவாக வைத்தே கேட்கலாம். காதின் ஆயுளுக்கு அதுவே நல்லது. சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

முதுகு மூடிய குளோஸ்டு பேக் வாங்கினால் சத்தம் அடங்கும், வெக்கை ஏறும். ஏசி இல்லாத அறையில் செயற்கைத் தோல் மெத்தைக்குள் அரை மணியில் வியர்வை கோத்துக்கொள்ளும். சில வருடங்களில் அந்தத் தோல் கறுப்புச் செதில்களாக உதிரும். பேயர்டைனமிக் டிடி 770 புரோவில் வருவதுபோன்ற வெல்வெட் மெத்தை எவ்வளவோ தேவலை. இன்னொன்றை எந்த விமர்சனத்திலும் பார்த்ததில்லை: தோடு போட்டவர்களுக்குப் பெரிய ஹெட்போனின் அழுத்தம் திருகாணியைக் காதின் பின்புறம் குத்தவைக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அதே அழுத்தம் பொட்டில் விழும்.

மின்சக்தியும் கணக்கில் வர வேண்டும். எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் போனில் செருகும் ஒரு மலிவான டாங்கிளில் நேராக உயிர்பெறாது. ஹைஃபைமேன் சுந்தராவின் 37 ஓமைப் பார்த்து ஏமாறாதீர்கள். தட்டைச் சவ்வுள்ள பிளானர் டிரைவர் என்பதால் அதற்கும் சக்தி தேவை. ஆம்ப்ளிஃபயருக்கு மூவாயிரம் நாலாயிரம் போனால் ஹெட்போனுக்கு என்ன மிஞ்சும்? ஐஇஎம்முக்குச் சாதாரண டாங்கிளே போதும். ஆயுளில் மட்டும் ஹெட்போன் முந்துகிறது. மெத்தை, வயர், தலைப்பட்டை என்று பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டு எச்டி 600ஐ இருபது வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஇஎம்மில் வயரை மாற்றலாம், டிரைவர் போனால் போனதுதான். அது ஒரு மழைநாளில் சட்டைப்பையோடு துணி துவைக்கும் மெஷினுக்குள் போவதும் நடக்கும்.

ஆக, இரவில் அமைதியான தனி அறை, ஏசி, ஒரே இருப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கும் பழக்கம் மூன்றும் உள்ளவருக்கு ஓப்பன் பேக் ஹெட்போன். 2020இல் வந்த சென்ஹைசர் எச்டி 560எஸ் இந்த வரம்பில் நல்ல தேர்வு. 120 ஓம் என்பதால் ஓரளவு நல்ல டாங்கிளே போதும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஐஇஎம். அதற்கும் இருபதாயிரத்தை அள்ளிக் கொடுக்க வேண்டாம்: ஐந்தாறாயிரத்துக்குள் ஒன்று, ஒரு டாங்கிள், ஆயிரம் ரூபாய்க்கு வெவ்வேறு அளவில் ரப்பர், ஃபோம் முனைகள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம். பேஸே இல்லை என்று குறைபட்டுத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஓர் அளவு பெரிய முனையைப் போட்டுப் பாருங்கள்.