நெஸ்டரின் அறிவுரையும் ஆண்டிலோகஸின் தேரும்

இலியட் காப்பியத்தின் 23ஆம் காண்டம், பத்ரோக்ளஸின் ஈமக்கடனையும் அதனை ஒட்டி அக்கிலீஸ் நடத்திய போட்டிகளையும் கூறுவது. போட்டிகள் எட்டாயினும், அவற்றுள் தேரோட்டம் ஒன்றே ஏறத்தாழ 390 அடிகளைக் கொண்டுள்ளது; ஏனைய ஏழும் சேர்ந்து அதனிற் குறைந்த இடமே பெறுகின்றன. ஹோமர் இத்துணை இடம் ஒதுக்கிய பகுதியில் அமைப்புக் குறை ஒன்று இருக்குமாயின் அதனைச் சிறு குறை எனத் தள்ளிவிட இயலாது. அத்தகைய குறை உண்டென்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குறை யாதெனின், கூறுவாம். தேரோட்டத்திற்கு ஐவர் எழுகின்றனர்: யூமிலஸ், டயோமிடீஸ், மெனிலேயஸ், ஆண்டிலோகஸ், மெரியோனஸ். ஆண்டிலோகஸ் இளையவன், முதுமகனாகிய நெஸ்டரின் மைந்தன். அவனுடைய குதிரைகளே மிக மெதுவானவை என்று தந்தையே அறிந்து, நாற்பது அடிக்கு மேற்பட்ட அறிவுரை ஒன்றை வழங்குகின்றான். மரம் வெட்டுவோன் வலிமையினும் அறிவாற் சிறப்பான். காற்றலைக்கும் கலத்தை மாலுமி அறிவாற் செலுத்துவான். அவ்வாறே தேர் செலுத்துவோனும் அறிவினாலேயே மற்றவனை வெல்வான் என்பது அதன் தொடக்கம். அதன்பின் தொழில்நுட்பம் வருகின்றது. ஓடுகளத்தின் எல்லையில் ஓர் ஆள் உயரம் பட்டுப்போன மரக்கட்டை ஒன்று நிற்கின்றது. இருபுறமும் வெண்கற்கள் சார்த்தப்பட்டுள்ளன. அங்குத் தேர் இடப்புறமாகத் திரும்பி மீளல் வேண்டும். குதிரைகளை மட்டும் நம்புவோன் அவ்விடத்தில் அகல வளைந்து தொலைவை வீணாக்குவான். அறிந்தோன் தன் உடலைச் சற்றே இடப்புறம் சாய்த்து, வலக் குதிரையைக் கூவித் தூண்டி அதன் வாரைத் தளர்த்தி, இடக் குதிரையை இறுகப் பிடித்து, சக்கரத்தின் குடம் கட்டையைத் தொட்டதோ என ஐயுறும் அளவுக்கு ஒட்டிச் செலுத்துவான். ஆயினும் கல்லில் மோதலாகாது. மோதினால் குதிரைக்குக் கேடும், பிறர்க்கு நகையும், தனக்கு இழிவும் விளையும்.

குதிரைத் தொழிலறிந்தோர் இவ்வறிவுரையில் பிழை காணார். இரண்டு குதிரைகளை ஒரு நுகத்திற் பூட்டித் திருப்புங்கால் உட்புறக் குதிரை குறுகிய வட்டத்திலும் வெளிப்புறக் குதிரை அகன்ற வட்டத்திலும் ஓடுதல் இயல்பு. ஒரே கையசைவால் இரண்டையும் செலுத்தினால் வெளிக்குதிரை பின்தங்கும், தேர் அகலும். ஒன்றை அடக்குதலும் மற்றதை விடுதலும் ஒரே கணத்தில் நிகழ்தல் வேண்டும். பண்டைக் குதிரைப் பயிற்சியில் இத்திருப்பம் எத்துணை முதன்மை பெற்றிருந்தது என்பதற்கு ஹோமருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சான்று ஒன்றும் உண்டு. மித்தன்னி நாட்டுக் குதிரைப் பயிற்றுநன் கிக்குலி என்பான் பெயரால் வழங்கும் இத்தைத்து மொழிக் களிமண் ஏடுகள், தேர்க்குதிரைக்கு நாள்தோறும் அளிக்கவேண்டிய ஓட்டம், நீர், தீனி, ஓய்வு ஆகியவற்றைக் கூறுவன. அவற்றில் ஓட்டத்தின் அளவு ஐக வர்த்தன்ன, தேர வர்த்தன்ன, பன்ச வர்த்தன்ன, சத்த வர்த்தன்ன, நாவ வர்த்தன்ன எனக் குறிக்கப்படுகின்றது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணுப்பெயர்கள் வடமொழியோடு உறவுடையன என்பது கேட்ட அளவிலே விளங்கும்; வர்த்தன்ன என்பது திருப்பம் அல்லது சுற்று. குதிரை ஓடியதைத் திருப்பத்தால் எண்ணினர் என்னும் இச்செய்தி மொழிநூலார்க்கு விருந்து. நமக்கு இது வேறொன்றையும் காட்டுகின்றது: நெஸ்டர் திருப்பத்தைப் பற்றியே பேசியது முதியோன் ஒருவனின் மனம்போன பேச்சன்று; அத்தொழிலின் உயிர்நிலையையே அவன் தொட்டான்.

இனிக் குறைக்கு வருவோம். இவ்வளவு விரிவாகப் பேசப்பட்ட திருப்பம் போட்டியில் இல்லவே இல்லை! தேர்கள் புறப்படுகின்றன, புழுதி எழுகின்றது, பிடரிமயிர் காற்றில் அலைகின்றது, அடுத்து நாம் காண்பது கடலை நோக்கி அவை மீண்டு வரும் கடைசி ஓட்டமே. கட்டையை யார் ஒட்டித் திரும்பினர், யார் அகன்றனர் என ஒரு சொல்லும் இல்லை. இதனினும் வியப்பானது, அவ்விடத்தில் நடுவனாக முதியவன் பீனிக்ஸை அக்கிலீஸ் நிறுத்தியதாகப் புலவரே கூறியிருப்பது. நடந்ததை நினைவிற் கொண்டு உண்மை உரைத்தல் அவன் கடமை. பின்னர்ப் பெரும் பூசல் எழுந்தபோதும் பீனிக்ஸை எவரும் அழைத்திலர். அவனும் வாய் திறந்திலன். அறிவுரை, நடுவன், வெண்கல் மூன்றும் ஒரே இடத்தில் நாட்டப்பட்டு மூன்றும் வாளா விடப்பட்டன.

இதற்குக் கூறப்படும் அமைதிகளுள் ஒன்று, வெவ்வேறு பாடல்கள் பிற்காலத்தில் இணைக்கப்பட்டன என்பது. வாய்மொழி மரபில் இஃது இயலாததன்று. ஆயினும் விடை தெரியாத இடந்தோறும் இடைச்செருகல் என்று கூறிவிடுதல் ஆராய்ச்சியை முடித்துவிடுவதேயன்றி நடத்துவதாகாது. நம் சங்கநூல் ஆராய்ச்சியிலும் இப்பழக்கம் செய்த கேட்டை அறிவோம். மற்றோர் அமைதி, ஆண்டிலோகஸ் திருப்பத்திலும் அறிவுரைப்படியே செய்திருப்பான், புலவர் அதனைச் சொல்லாது விட்டார் என்பது. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளும் இதனினும் முன்னதே மேல்.

திருப்பத்தைக் காட்டுதல் புலவர்க்கு அரிதாயிற்றோ எனின், அன்று. சோபோக்ளிஸின் எலெக்ட்ரா நாடகம் அதற்குச் சான்று. டெல்பி விழாவில் ஒரெஸ்டிஸ் தேரோட்டத்தில் இறந்தான் என்று முதியவன் ஒருவன் அந்நாடகத்தில் உரைக்கின்றான். பத்துத் தேர்கள் ஓடுகின்றன. ஒரெஸ்டிஸ் ஒவ்வொரு சுற்றிலும் கட்டையை ஒட்டியே, வலப்புற வெளிக்குதிரைக்கு வார் விட்டு உட்குதிரையை அடக்கித் திரும்புகின்றான். நெஸ்டர் சொன்ன முறை அப்படியே வந்துள்ளது. பிற தேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நொறுங்கியபின்னும் ஒரெஸ்டிஸ் தப்பி ஓடுகின்றான். கடைசியில் திரும்பும் குதிரையின் இட வாரை ஒருகணம் தளர்த்திவிடத் தேர் கல்லில் மோதி அச்சு முறிகின்றது. வாரிற் சிக்குண்டு இழுபட்டு மடிகின்றான். ஹோமர் நாட்டி விட்டுச்சென்ற கல்லில் சோபோக்ளிஸ் ஒரு தேரை மோதவிட்டார் எனலாம். இதில் நுட்பம் என்னவெனில், அம்முதியவன் உரைத்தது முழுப்பொய். ஒரெஸ்டிஸ் உயிரோடு இருக்கின்றான். பொய்யை மெய்போலத் தோற்றுவிக்க வேண்டிய இடத்தில்தான் திருப்பத்தின் தொழில்நுட்பம் முழுவதும் தேவைப்பட்டது. ஹோமர்க்கு அது தேவைப்படவில்லை. எனின், அவர் தேடியது வேறொன்றாதல் வேண்டும்.

அதனை இடுக்கு வழியில் காண்கின்றோம். அப்போலோ டயோமிடீஸின் சாட்டையைத் தட்டிவிட, அதீனா அதனை மீட்டுத் தந்து யூமிலஸின் நுகத்தை முறிக்கின்றாள். முதலிடத்தைத் தெய்வங்களே முடிவு செய்துவிட்டன. இரண்டாம் இடமே மாந்தர் கையில் எஞ்சியது. மெனிலேயஸின் குதிரைகள் விரைந்தவை, முன்னே செல்கின்றன. மழைநீர் தேங்கி அரித்த ஓரிடத்தில் வழி குறுகுகின்றது; இரு தேர் இணைந்து செல்ல இடமில்லை. அங்கு ஆண்டிலோகஸ் வழியிலிருந்து சற்று விலகித் தன் தேரைப் பக்கவாட்டில் நெருக்குகின்றான். மெனிலேயஸ் கூவுகின்றான், ஆண்டிலோகஸ் கேளாதவன் போலச் சாட்டையை மேலும் ஓங்குகின்றான். இளைஞன் எறிந்த வட்டு விழும் தொலைவு இரண்டும் இணைந்து ஓடியபின், மெனிலேயஸ் தானாகவே தன் குதிரைகளை அடக்கிப் பின்வாங்குகின்றான்.

இதனை நெஸ்டரின் அறிவுரையை நிறைவேற்றிய செயல் என்று கொள்வோரும் உளர். ஆண்டிலோகஸ் தன் குதிரைகளிடம் சூழ்ச்சியாற் செய்து முடிப்பேன் என்று கூறுதல் அவர்க்கு ஆதாரம். ஆயினும் தந்தை சொன்னதையும் மகன் செய்ததையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேற்றுமை புலப்படும். நெஸ்டரின் முறையில் ஒரு வார் இறுகும், ஒரு வார் தளரும். இடுக்கில் ஆண்டிலோகஸ் எதனையும் இறுக்கவில்லை, இரண்டையும் ஓட்டினான். ஒட்டிச் செல், ஆனால் மோதாதே என்றான் தந்தை. அங்கே கல் அசையாது. மோதாமற் காப்பது செலுத்துவோன் கடன். இங்கே கல்லின் இடத்தில் மெனிலேயஸ் நிற்கின்றான். கல் விலகிக்கொண்டது! ஆண்டிலோகஸைக் காத்தது அவன் திறமன்று, எதிரியின் அடக்கம். தேரின் இரண்டாம் வாரை அவ்விடத்தில் பிடித்தவன் மெனிலேயஸே.

அடக்குதலையும் தேர்த்திறமாகக் காணும் பார்வை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. முல்லைத் திணை அகப்பாட்டுகளில் வினைமுடித்து மீளும் தலைவன் வலவனை நோக்கித் தேரை விரைந்து செலுத்தச் சொல்லுகின்றான். அங்கு எதிர்த்தேர் இல்லை, கார்காலமே எதிரி. அவ்விரைவின் நடுவிலும், அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் தலைவன் தேரின் மணிநாவைக் கட்டச் செய்கின்றார். பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டு ஒலியால் வெருவலாகாது என்பதற்காக. தலைவன் எத்துணை விரைவாக வந்தான் என்பதை விட்டு, எதனைக் கலைக்காமல் வந்தான் என்பதைக்கொண்டு புலவர் அவனை அளந்தார். போட்டிக் களத்தில் இவ்வளவுகோல் செல்லாது என்பார்க்கு மெனிலேயஸ் விடை. ஆயினும் ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது: நம் பாட்டில் தேருடையான் வேறு, செலுத்துவோன் வேறு. இலியடில் போர்க்களத்தில் அவ்வாறே; ஈமப்போட்டியில் மட்டும் தலைவர்களே வாரைப் பிடிக்கின்றனர். கி.மு. 680இல் ஒலிம்பிய விழாவிற் புகுந்ததாக மரபு கூறும் நாற்குதிரைத் தேரோட்டத்தில் வெற்றி குதிரையுடையார்க்கே உரியதாயிற்று. களத்தில் வார் பிடியாத ஸ்பார்ட்டா அரசமகள் சைனிஸ்கா கி.மு. 396இலும் 392இலும் வென்றமை அதனால். ஹோமர் தலைவன் கையிலேயே வாரைக் கொடுத்தார். கை செய்த பிழைக்கு வேறொருவனைச் சுட்ட வழியில்லாமற் போயிற்று.

பரிசளிப்பில் இக்கதையின் உண்மையான திருப்பம் அமைகின்றது. யூமிலஸ் சிறந்தவன், ஊழால் கடைசியில் வந்தான்; இரண்டாம் பரிசை அவனுக்குத் தருவோம் என்கின்றான் அக்கிலீஸ். அப்பரிசு ஆறு வயதுப் பெண்குதிரை, வயிற்றில் கோவேறு கழுதைக் குட்டி தாங்கியது. ஆண்டிலோகஸ் இறுகுகின்றான்: உன் குடிலில் பொருள் நிரம்ப உண்டு, வேறெதையேனும் அவனுக்குக் கொடு, இதனை விடேன், வேண்டுவோன் என்னோடு பொரட்டும். அக்கிலீஸ் முறுவலிக்கின்றான். காப்பியம் முழுவதிலும் அவன் முறுவலிப்பது இவ்வோரிடத்தே. உடனே மெனிலேயஸ் எழுகின்றான். பீனிக்ஸை அழைக்கவில்லை, பீனிக்ஸ் கட்டையருகே நின்றவன், இடுக்கைக் கண்டிலன். அதனால் ஆண்டிலோகஸையே சான்றாக்குகின்றான்: குதிரைகளின் முன் நின்று, சாட்டையைக் கையிற் பிடித்து, குதிரையைத் தொட்டு, வேண்டுமென்றே வஞ்சித்திலேன் எனப் போசைடன் மேல் ஆணையிடு. இப்பொழுது ஆண்டிலோகஸ் தளர்த்துகின்றான். நான் இளையவன், நீ மூத்தவன். இளையோர் மனம் விரைவுடையது. குதிரையைத் தருகின்றேன், வேறு கேட்பினும் தருவேன் என்கின்றான். பொய்யாணையும் இடவில்லை, குற்றத்தை வாய்விட்டு ஒப்பவும் இல்லை. கல்லைத் தொட்டதோ என ஐயுறும் அளவுக்கு ஒட்டி, மோதாமல் திரும்பிவிட்டான்! வளரும் கதிரின்மேற் படிந்த பனிபோல் மெனிலேயஸின் நெஞ்சம் நெகிழ்ந்தது என்கின்றார் புலவர். குதிரை ஆண்டிலோகஸிடமே மீள்கின்றது. அக்கிலீஸிடம் இறுக்கமும் மெனிலேயஸிடம் தளர்ச்சியும் என அடுத்தடுத்து நிகழ்ந்த இவ்விரண்டும் இடுக்கில் அவனிடம் காணப்படாதவை. நெஸ்டரின் அறிவுரை பயன்படாது போயிற்றென்பார் அதனைத் தேர்க்களத்தில் மட்டும் தேடியமையால் காணாராயினர்.

அறிவுரை தந்தவனைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எஞ்சிய ஐந்தாம் பரிசை அக்கிலீஸ் நெஸ்டருக்கு அளிக்க, அம்முதியவன் தன் இளமைப் போட்டிகளை நினைவு கூர்கின்றான். குத்துச்சண்டை, மற்போர், ஓட்டம், வேல் யாவற்றிலும் வென்றானாம். தேரோட்டம் ஒன்றில் மட்டும் ஆக்டரின் மைந்தர் இருவரிடம் தோற்றானாம். ஒருவன் வாரையே பிடித்திருந்தான், மற்றவன் சாட்டையையே வீசினான் என்கின்றான். அடக்குதலும் தூண்டுதலும் இரண்டு ஆட்களிடம் பிரிந்து நின்றபோது தனியொருவனின் இரு கைகள் வெல்லவில்லை. தோற்ற ஒன்றைப் பற்றியே நெஸ்டர் இத்துணை நுட்பமாக மகனுக்குக் கூறினான் என்பதைப் புலவர் பகுதியின் இறுதி வரை மறைத்து வைத்திருந்தார்.

ஆண்டிலோகஸின் முடிவு இலியடில் இல்லை. பிண்டார் அதனைப் பாடியுள்ளார். ஆக்ரகாஸ் நகரத்துச் செனோக்ரட்டீஸ் கி.மு. 490இல் டெல்பியில் பெற்ற தேர்வெற்றிக்காக இயற்றி, அவன் மகன் திராசிபூலஸை முன்னிலைப்படுத்திய ஆறாம் பைத்தியப் பாட்டில் அச்செய்தி உள்ளது. பாரிஸின் அம்பு பட்ட குதிரையால் நெஸ்டரின் தேர் போர்க்களத்தில் சிக்கிக்கொள்கின்றது. மெம்னன் வேலோங்கி வருகின்றான். முதியவன் மகனைக் கூவி அழைக்கின்றான். இடுக்கு வழியில் மெனிலேயஸ் கூவியதைக் கேளாதவன் போல் ஓடிய ஆண்டிலோகஸ், இக்கூவலைக் கேட்டு நின்றான். நின்ற இடத்திலேயே மெம்னன் கையால் மடிந்து தந்தையைக் காத்தான்.