அல்யோஷா சம்மதிக்கவில்லை

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று சொன்னதும் நண்பர்கள் என்னிடம் நீட்டுகிற புத்தகம் பெரும்பாலும் ஒன்றுதான்: தஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்'. "இதைப் படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார்கள். கடவுளை எடுத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்றாகிவிடும், அறம் நிற்காது என்பதை இந்த நாவல் நிரூபிக்கிறதாம். இவானுக்குக் கடைசியில் புத்தி பேதலிக்கிறது. அவன் பேச்சைக் கேட்ட ஸ்மெர்டியாகோவ் கொலை செய்கிறான். வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் படித்த நாவல் அப்படிச் சொல்லவில்லை.

மதுக்கடையில் தம்பி அல்யோஷாவோடு பேசும்போது கடவுள் இல்லை என்று நிரூபிக்க இவான் முயல்வதே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். அவர் படைத்த உலகத்தின் கணக்கைத்தான் அவனால் ஏற்க முடியவில்லை. பெற்றோரே இரவெல்லாம் கழிப்பறையில் பூட்டிவைத்த ஐந்து வயதுச் சிறுமி. தாயின் கண்முன்னே நாய்களை ஏவிக் கொல்லப்பட்ட எட்டு வயதுப் பண்ணையடிமைச் சிறுவன். இறுதியில் எல்லாம் ஒத்திசைந்து, தாயும் கொன்றவனும் கட்டிக்கொள்வார்கள் என்றால், அந்த மன்னிப்பைக் கொடுக்க அவள் யார் என்று கேட்கிறான். தன் துயரத்தை அவள் மன்னிக்கலாம். குழந்தை பட்ட வதையை மன்னிக்க அவளுக்கு உரிமை இல்லை. தர்க்கமாக இதைவிடக் கூர்மையான கேள்வியை கிறிஸ்தவத்துக்கு வெளியே இருந்துகூட யாரும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் இவானைப் பார்க்கிறார்கள். நான் அல்யோஷாவைப் பார்க்கச் சொல்வேன். அந்தத் தளபதியை என்ன செய்யலாம் என்று அண்ணன் கேட்டதும், இந்தத் துறவு மாணவன் சுட வேண்டும் என்று மெல்லச் சொல்லிவிடுகிறான். அடுத்து இன்னொரு கேள்வி வருகிறது. ஒரே ஒரு குழந்தையின் கண்ணீர்மேல் மனிதகுலத்தின் இன்பத்தைக் கட்டலாம் என்றால், அந்தக் கட்டடத்தை எழுப்ப நீ சம்மதிப்பாயா? மாட்டேன் என்கிறான் அல்யோஷா.

இந்த மறுப்பு எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்து எடுத்துச் சொல்ல அவனுக்கு அவகாசமே இல்லை. நம்பிக்கை வாயைத் திறப்பதற்கு முன்பே அறம் பதில் சொல்லிவிட்டது. கிறிஸ்துவைப் பற்றி அவன் நினைவுபடுத்துவது அதற்கு அப்புறம்தான். எல்லாவற்றையும் மன்னிக்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரே என்கிறான். இவான் அதற்கு மகாவிசாரணையாளன் கதையைச் சொல்கிறான். கதையில் கிறிஸ்து ஒன்றும் பேசாமல் கிழவனை முத்தமிடுகிறார். கதை முடிந்ததும் அல்யோஷா அண்ணனை முத்தமிடுகிறான். உலக இலக்கியத்தின் அழகான முத்தங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்தம் கழிப்பறையில் அழுத சிறுமிக்கு எட்டவில்லையே.

தஸ்தாயெவ்ஸ்கிக்கு இது தெரியாமல் இல்லை. 1878 மே மாதம் மூன்று வயதுகூட நிறையாத அவர் மகன் வலிப்பில் இறந்துபோனான். வலிப்பு தகப்பனுக்கும் இருந்த நோய். பிள்ளையின் பெயரும் அல்யோஷா. அடுத்த மாதமே ஆப்டினா மடத்துக்குப் போய்வந்தார். 1879இல் நாவல் தொடராக வரத் தொடங்கியது. இவானுக்கான பதிலைத் துறவி ஸோசிமாவைப் பற்றிய பகுதியில் வைத்திருந்தார். அந்தப் பதில் போதுமா என்கிற பயத்தைக் கடிதத்திலும் எழுதினார். விசுவாசியான ஒருவர் எதிராளியின் கேள்வியைக் கொஞ்சமும் நீர்க்கச் செய்யாமல் எழுதினார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, கடவுள் இல்லாமல் அறம் நிற்காது என்ற வாதம் என்ன ஆனது? நாவலின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. ஸ்மெர்டியாகோவைப் பார்க்க மூன்றாவது முறையாகப் போகிற இவான், பனிப்புயலில் எதிர்ப்பட்ட ஒரு குடிகார விவசாயியைத் தள்ளிவிட்டுப் போகிறான். விறைத்துச் சாவான் என்று தெரிந்தும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது அதே ஆளைத் தூக்கி, வைத்தியருக்கு ஏற்பாடு செய்து, கையிலிருந்து பணமும் கொடுக்கிறான். இடையில் அவன் விசுவாசி ஆகிவிடவில்லை. நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்திருந்தான், அவ்வளவுதான். மனசாட்சியே கடவுள் வைத்ததுதானே என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது, நல்லவனாக இருக்க நம்பிக்கை அவசியமில்லை என்பதை நீங்களும் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழந்தைகளின் துயரத்தை இவான் செய்தித்தாள்களில் படித்துச் சேகரித்தான். அல்யோஷாவோ தன் விரலைக் கடித்த சிறுவன் இல்யூஷாவின் வீட்டுக்கு இருநூறு ரூபிளோடு போனான். பணத்தை அப்பன் காலில் போட்டு மிதித்த பிறகும் அந்தக் குடும்பத்தை விடவில்லை. அந்தப் பிள்ளை சாகும்வரை மற்ற பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவன் படுக்கையருகே உட்காரவைத்தான். வாதத்தில் இவான்தான் ஜெயிக்கிறான். அந்த வெற்றியால் இல்யூஷாவுக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த நாவலை என்னிடம் நீட்டுகிற நண்பர்களிடம் நானும் ஒன்றைக் கேட்கிறேன். அல்யோஷாவின் விசுவாசத்தைக் காட்டுகிற நீங்கள், அவன் சொன்ன மறுப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். குழந்தையின் கண்ணீருக்குத் தத்துவ விளக்கம் கொடுக்கிற மதத்தோடு எனக்குச் சண்டை தீராது. அந்தக் குழந்தையின் வீட்டுப் படியேறுகிற கிறிஸ்தவனோடு எனக்கு என்ன சண்டை?