கற்படுக்கை வரை காலாற

கொட்டாம்பட்டியில் மேலூர் பஸ் ஏறி கருங்காலக்குடியில் இறங்கினால் பஞ்சபாண்டவர் மலைக்கு நடந்தே போகலாம். மலை என்பது மரியாதைக்கு, ஏறுவது பாறைதான். விடிகாலையிலேயே போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அது தோசைக்கல்.

குகைத்தளத்தில் வழுவழுவென்று கற்படுக்கைகள். சமண முனிவர்கள் படுத்த இடம். மேலே பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. உளி பிடித்தவனின் அந்தச் சின்ன அக்கறை எனக்குக் கல்வெட்டைவிடப் பிடிக்கும். கல்வெட்டும் இருக்கிறது: தமிழி எழுத்து, இரண்டாயிரம் வயதுக்கு மேல். விரல் துறுதுறுக்கும், தடவக்கூடாது.

எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய ‘பசுமை நடை’ மதுரைக்காரர்களை இப்படிப்பட்ட குன்றுகளுக்குத்தான் அழைத்துப்போனது. குன்றுவரை நடக்க வழி வேண்டுமே. இங்கிலாந்தில் வயல் நடுவே நடக்கச் சட்டப்படியே பொதுப்பாதைகள் உண்டு. நமக்கு வரப்பு. எதிரே ஆடு ஓட்டி வரும் பெரியவர், “யாரு வீட்டுக்குப்பா?” என்பார். சும்மா நடக்க வந்தேன் என்றால் நம்பமாட்டார். “கல்லு பாக்கவா?” என்று அவரே முடித்துவிட்டு, குறுக்குவழியும் காட்டிவிடுவார்.