கீழே விழுந்த போர்வை

கிறிஸ்து பிறப்பு விழாவைச் சொல்ல வரும் திரைப்படங்களில் கிறிஸ்து பிறப்பதே இல்லை என்று குறைகூறிப் பழகியவர்கள் நாம். பனி பெய்யும், மணி ஒலிக்கும், செந்நிற அங்கி அணிந்த முதியவர் பரிசு மூட்டையோடு வருவார், பிரிந்த குடும்பத்தார் கூடுவர். தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு மட்டும் அந்தத் திரையிலும் இடம் கிடைப்பதில்லை. ஆகவே, சென்ற திருவருகைக் காலத்தில் பங்குக் குடும்பம் ஒன்று, வெளிநாட்டில் பணிபுரியும் மகன் கொணர்ந்த குறுந்தகட்டைக் கொடுத்து, "பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், சாமி" என்றபோது, பெரிய எதிர்பார்ப்பு ஏதுமின்றியே வாங்கி வைத்தோம். ஒரு மாலைப்பொழுதில், பீடச் சிறுவர் எழுவர் பங்கு இல்லத்துக் கூடத்தில் பாய் விரித்து அமர, அதனைக் கண்டோம். இருபத்தைந்து நிமிடப் படம். முடிந்தபின் நெடுநேரம் எழ மனம் வரவில்லை.

படத்தின் பெயர் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1965 டிசம்பர் 9 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான சித்திரப்படம் இது. 1950 முதல் நாளேடுகளில் 'பீனட்ஸ்' என்னும் சித்திரத் தொடரை வரைந்துவந்த சார்லஸ் ஷூல்ஸ் கதை எழுத, லீ மெண்டல்சன் தயாரிக்க, பில் மெலண்டெஸ் இயக்கினார். குழந்தைப் பாத்திரங்களுக்குக் குழந்தைகளே குரல் கொடுத்தனர். நகைச்சுவை நிகழ்ச்சிகளில் செயற்கைச் சிரிப்பொலியைச் சேர்ப்பது அந்நாளைய வழக்கம். ஷூல்ஸ் அதனை ஏற்கவில்லை. லூக்கா நற்செய்தியின் ஒரு பகுதியை அப்படியே சொல்ல வைப்பதா என்று உடன் பணியாற்றியோரே தயங்கினர். அவரோ அதனை விட்டுக்கொடுக்கவில்லை. முன்னதாகப் பார்த்த நிலைய அதிகாரிகள் இது எடுபடாது என்றே எண்ணினர். மக்கள் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தனர். எம்மி விருதும் பீபாடி விருதும் இப்படத்திற்குக் கிடைத்தன.

கதை எளியது. விழா நெருங்குகிறது, எல்லாரும் மகிழ்கின்றனர், சார்லி பிரவுன் என்னும் சிறுவனுக்கு மட்டும் மகிழ்ச்சி வரவில்லை. அவனுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வந்திருக்கவில்லை. அவனுடைய நாய் ஸ்னூப்பி பரிசுப் போட்டிக்காகத் தன் கூண்டை விளக்குகளால் அலங்கரிக்கிறது. தங்கை சாலி, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் பொருளுக்குப் பதிலாகப் பணத்தாள்களாகவே கேட்கிறாள். பிள்ளைகள் நடிக்கவிருக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தை இயக்கும் பொறுப்பு சார்லியிடம் வருகிறது. மேடைக்கு ஒரு மரம் வாங்கச் செல்கிறான். அக்காலத்து அமெரிக்காவில் புதுமோகமாக இருந்த அலுமினிய மரங்கள் கடை முழுதும் மின்னி நிற்க, அவற்றிடையே கிளை மெலிந்து, இலை உதிர்ந்து நின்ற ஓர் உண்மையான சிறு மரத்தைத் தேர்ந்துகொள்கிறான். அதைக் கண்டு பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர்.

விழாவை வணிகமாக்கியதைக் கண்டிக்கும் படம் என்றே இதனைப் பலரும் புகழ்வர். அப்புகழ்ச்சியில் ஒரு முரண் உண்டு. வணிகத்தைக் கண்டிக்கும் இப்படத்தைப் பணம் கொடுத்து எடுப்பித்ததே கோக்கோ கோலா நிறுவனம்தான்; முதல் ஒளிபரப்பில் அதன் பெயரும் திரையில் தோன்றியது. நாம் கண்ட தகட்டில் அப்பெயரும் இல்லை, இடையிடும் விளம்பரங்களும் இல்லை. தகட்டில் பார்ப்பதால் வந்த முதல் நன்மை அது. ஆயினும், வணிகக் கண்டனம் மட்டுமே இதன் பொருள் என்றால், அறுபது ஆண்டுகளுக்குமுன் எழுந்த அந்த முணுமுணுப்பை இன்று நாம் கேட்கவேண்டிய தேவை என்ன? நமது மறையுரைகளில் ஆண்டுதோறும் ஒலிப்பதும் அதுதானே!

படத்தின் நெஞ்சம் வேறிடத்தில் இருப்பதாக நாம் கருதுகிறோம். தொடக்கத்தில், தன் மனநோய்க்கு மருந்து தேடி லூசி என்னும் சிறுமியின் 'மருத்துவக் கடை'க்குச் செல்கிறான் சார்லி. கட்டணம் ஐந்து சென்ட். நாணயம் பெட்டியில் விழும் ஓசையில் அவள் தன்னை மறக்கிறாள். பிறகு, நோயைக் கண்டறியவேண்டி அச்சங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள்: பூனைக்கு அச்சமா, மாடிப்படிக்கா, கடலுக்கா, பாலத்தைக் கடப்பதற்கா? இறுதியாக, எல்லாவற்றிற்கும் அஞ்சும் நோய் ஒன்று உண்டென்று சொன்னதும், அதுவேதான் என்று சார்லி கத்திய கத்தலில் அவள் பின்னால் சாய்ந்து விழுகிறாள். நம் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் சிரிப்பினூடே கதையின் விதை அங்கே ஊன்றப்பட்டுவிட்டது. அச்சம் உள்ளவன்தான் மின்னும் பொருளால் தன்னை மூடிக்கொள்வான். வணிகம் புண்ணின்மேல் உள்ள கட்டு, புண் அச்சமே.

இனி, படத்தின் உச்சம். சிரிப்புக்கு ஆளான சார்லி, கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று அறிந்தவர் எவரேனும் உண்டா என்று மனம் நொந்து கேட்கிறான். லூசியின் தம்பி லைனஸ் மேடையின் நடுவே வருகிறான். எங்கு சென்றாலும் ஒரு நீலப் போர்வையைப் பற்றிக்கொண்டே செல்லும் பிள்ளை அவன். அது கையில் இல்லாவிட்டால் நடுங்கிப்போவான். ஒளி அவன்மீது குவிகிறது, இசை நிற்கிறது. இடையர்களுக்கு வானதூதர் தோன்றிய பகுதியை, லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் 8 முதல் 14 முடிய உள்ள வசனங்களை, அவன் சொல்கிறான். நள்ளிரவுத் திருப்பலியில் நாம் வாசிக்கும் நற்செய்தியின் பின்பகுதி அது. பழைய ஆங்கில நடை சிறுவர்களுக்கு விளங்கவில்லை, ஆயினும் இடையர், வானதூதர் என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பூசையில் வாசிக்கிறது!" என்று ஒருவன் மெல்லச் சொன்னான். விளக்கவுரை இல்லை, அறிவுரை இல்லை. ஒரு நிமிட அளவில் எல்லாம் முடிகிறது.

நாம் அந்த வசனங்களிலேயே மனம் தோய்ந்திருந்தோம். அப்போது கடைசியில் அமர்ந்திருந்த சிறுவன் கேட்டான்: "சாமி, அவன் போர்வையை ஏன் கீழே போட்டுட்டான்?"

நாம் அதனைக் கவனிக்கவில்லை. தகட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். அஞ்சவேண்டாம் என்று வானதூதர் சொல்லும் இடம் வரும்போது, லைனஸின் கையிலிருந்து போர்வை நழுவித் தரையில் விழுகிறது. யாரும் அதனைச் சுட்டிக்காட்டவில்லை. அவனேகூட அறிந்ததாகத் தெரியவில்லை. அச்சத்தால் பிடித்திருந்ததை, அச்சம் நீங்கியதும் கை தானாகவே விட்டுவிட்டது. இறையியல் கல்லூரியில் பயின்று, இத்தனை ஆண்டுகள் மறையுரையாற்றிய நமது கண்ணுக்குத் தப்பியது, பாயில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த பிள்ளையின் கண்ணுக்குப் பட்டது.

அதன்பின் அந்தப் போர்வையைத் தொடர்ந்து பார்த்தோம். சொல்லி முடித்ததும் லைனஸ் குனிந்து அதனை எடுத்துக்கொண்டே சார்லியிடம் திரும்புகிறான். இது படத்தின் தளர்ச்சியா? இல்லை, நேர்மை என்போம். நற்செய்தியைக் கேட்டவுடன் பழைய பிடிமானங்களை ஒரேயடியாகத் துறந்தவர் நம்மில் எத்தனை பேர்? திருப்பலியில் விட்டதைக் கோயில் வாயிலிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் அல்லவா நாம்? ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. சார்லி அந்தச் சிறு மரத்தை எடுத்துக்கொண்டு இரவில் வெளியேறி, ஒரேயொரு அணிகலனை அதில் மாட்ட, மரம் பாரம் தாங்காது தரைமட்டும் வளைகிறது. தன் கை பட்டதெல்லாம் பாழ் என்று புலம்பி அவன் அகல்கிறான். பின்தொடர்ந்து வந்த பிள்ளைகள் மரத்தைச் சூழ்கின்றனர். லைனஸ் குனிந்து தன் போர்வையை அம்மரத்தின் அடியில் சுற்றிக் கட்டுகிறான், மரம் நிமிர்கிறது. முதலில் தானாய் நழுவிய போர்வை; பிறகு பலவீனத்தால் திரும்ப எடுத்த போர்வை; இறுதியில் நலிந்த ஒன்றுக்கு மனமுவந்து கொடுத்த போர்வை. குழந்தையைத் துணிகளில் சுற்றிக் கிடத்தியிருப்பதே உங்களுக்கு அடையாளம் என்று இடையர்களுக்குச் சொல்லப்பட்டதை இதற்கு மேல் விளக்க இயலுமா?

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். பிள்ளைகள் ஒத்திகை பார்த்த நாடகம் படத்தில் நடைபெறவே இல்லை. விடுதிக்காரர் உண்டு, இடையர் உண்டு. குழந்தை இயேசு இல்லை. வார்த்தை அறிவிக்கப்படுகிறது, வார்த்தை உடலெடுத்த தொட்டியோ காணப்படவில்லை. அதன் இடத்தில் மரம் நிற்கிறது. 1223இல் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் குழந்தையின் உருவம் வைக்கப்படவில்லை. வைக்கோல் இட்ட தொட்டியும் மாடும் கழுதையுமே இருந்தன என்று செலானோ தோமாவின் வரலாறு கூறும். ஆனால் அத்தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. வெறுந்தொட்டி அவ்வாறு நிறைந்தது. இப்படத்தில் பீடம் இல்லை. பிள்ளைகளின் அன்பே மரத்தை நிமிர்த்துகிறது என்று முடிக்கும்போது, அந்த அன்புக்கு ஊற்று எது என்பதைக் காண்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. அதனை நிரப்புவது நம் போன்றோரின் பணி.

மற்றொரு குறையாகச் சிலர் சொல்லக்கூடியதை நாம் குறையாக எண்ணவில்லை. சிறு மரத்தை அலங்கரிக்கும் விளக்குகள் எங்கிருந்து வருகின்றன? போட்டியில் முதற்பரிசு பெற்ற நாய்க்கூண்டிலிருந்து! வெறுத்த வணிகப் பகட்டே மரத்தின் அணியாகிவிட்டதே என்று கேட்கலாம். எகிப்தை விட்டுப் புறப்பட்ட மக்கள் அந்நாட்டின் பொன்னைக் கொண்டுவந்ததை எடுத்துக்காட்டி, நல்ல பொருள்களை நல்லதற்கு மீட்டுக்கொள்ளலாம் என்று புனித அகுஸ்தீனார் எழுதியதை நினைவுகூர்வோம். பரிசுக்காக எரிந்த விளக்கு, சிரிப்புக்கு ஆளான மரத்திற்கு எரியுமாயின், அது மீட்கப்பட்ட விளக்கே.

படத்தைப் பற்றி எழுத வந்த நாம், நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். அந்த ஆண்டு நமது பங்கில் ஒரு வீட்டில் இளம்பிள்ளை ஒருவன் இறந்திருந்தான். அடக்கச் சடங்கை நிறைவேற்றினோம். அதற்குப்பின் அவ்வீட்டுப் படியை நாம் மிதிக்கவில்லை. குடில் வேலை, பாடற்குழுப் பயிற்சி, விழா ஏற்பாடுகள் என்று காரணங்கள் கைவசம் இருந்தன. உண்மையில், அந்தத் தாயிடம் என்ன சொல்வதென்று அஞ்சினோம். வேலை நமது போர்வையாயிருந்தது. மறுநாள் மாலை, சொல்வதற்கு எதையும் ஆயத்தம் செய்யாமல் அங்கே சென்றோம். பேசியது மிகக் குறைவு. தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். மகனுடைய பள்ளிப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். அவற்றைப் பார்த்துக்கொண்டு உடனிருந்தோம். புறப்படும்போது, "நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், சாமி" என்றார்.

அமெரிக்கக் குடும்பங்கள் பல ஆண்டுகள் இப்படத்தை விழாக் காலத்தில் ஒளிபரப்பாகும் நாளுக்காகக் காத்திருந்தே பார்த்தன. அக்காத்திருத்தல் ஒரு சிறு திருவருகைக் காலம்தான். தகடு அந்தக் காத்திருத்தலை எடுத்துவிட்டது; வேண்டியபோது காட்டலாம், நிறுத்தலாம், திருப்பலாம். இழப்புதான். எனினும் அந்தச் சிறுவனின் கேள்விக்காகத் திருப்பிப் பார்க்க முடிந்ததே, அதற்கு நன்றி சொல்கிறோம். தகட்டை இப்போது அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். அடுத்த திருவருகைக் காலத்தில், குடிலுக்கு வைக்கோல் வரும் நாளில் எடுப்போம். பிள்ளைகள் இம்முறை போர்வையைப் பார்ப்பார்கள். நாம் நமது கைகளைப் பார்த்துக்கொள்வோம்.