கஜலை வெட்கப்பட வைத்தவர்கள்

ஆங்கிலேயர் ஆட்சிதான் உருது இலக்கியத்தை நவீனமாக்கியது என்ற வாதம் மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. ஆங்கிலேயரின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி இல்லாமல் மீர் அம்மனின் எளிய உரைநடை வந்திருக்குமா, அரசின் 1,000 ரூபாய்ப் பரிசு இல்லாமல் நசீர் அகமதுவின் ‘மிராத்துல் அரூஸ்’ நாவல் வீடுவீடாகப் போயிருக்குமா என்று கேட்கிறார்கள். உரைநடை பெற்ற லாபத்தை நான் மறுக்கவில்லை. கவிதை கொடுத்த விலையை யார் கணக்கில் எடுப்பது?

1857இல் டெல்லி வீழ்ந்ததும், உருது எழுத்தாளர் முகம்மது ஹுசைன் ஆசாத்தின் தந்தையான பத்திரிகையாசிரியர் மௌலவி முகம்மது பாக்கரை ஆங்கிலேயர் கொன்றார்கள். அதே ஆசாத் 1874இல் லாகூரில், கல்வித்துறை இயக்குநர் ஹால்ராய்டின் ஆதரவோடு புதுவகை முஷாயிராவை, அதாவது கவியரங்கை, முன்னின்று நடத்தினார். வழக்கமான முஷாயிராவில் ஓர் அடியைக் கொடுத்து, அதே சந்தத்திலும் இயைபிலும் கஜல் பாடச் சொல்வார்கள். இங்கே அடிக்குப் பதில் தலைப்பு: மழை, நம்பிக்கை, தேசப்பற்று. கவிஞர் ஹாலியும் எழுதினார். அவை நல்ல கவிதைகள்தான். அந்தக் கூட்டங்கள் ஓராண்டுக்குள் நின்றுபோயின. அவற்றோடு வந்த அளவுகோல் போகவில்லை.

கண்டதை எழுது, உணர்ந்ததை எழுது, படிப்பவரைத் திருத்து என்பது அந்த அளவுகோல். கஜலின் கலை வேறு. காதலி, மது, தோட்டம், கூண்டுப் பறவை எல்லாம் நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த பொதுச்சொத்து. அந்தப் பழம்பொருளில் யாரும் காணாத அர்த்தத்தை இரண்டே அடிகளில் பிறப்பிப்பதுதான் கவிஞனின் திறன். அவனிடம் போய் உன் காதலி நிஜமா என்று கேட்பது, ராக ஆலாபனையில் கதை எங்கே என்று கேட்பது போலத்தான். 1893இல் வெளிவந்த ‘முகத்தமா’ என்ற விமர்சன நூலில் ஹாலி அப்படித்தான் கேட்டார். மரபுக் கவிதையைப் பொய்யென்றும் ஒழுக்கத்துக்குக் கேடென்றும் சாடினார். சொன்னவர் காலிபின் மாணவர்! நசீர் அகமதுவின் ‘தவ்பதுன் நசூஹ்’ நாவலிலோ, திருந்திய தந்தை கவிஞனான மகனின் புத்தகங்களைக் கொளுத்துகிறார். நாவல் அதை நற்காரியமாகவே காட்டுகிறது.

எரிக்கச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லையே என்பார்கள். உத்தரவே தேவைப்படாத நிலையை உண்டாக்கியதுதான் அந்த ஆட்சி செய்த பெருந்தீங்கு. தோற்ற சமூகம் தன் தோல்விக்கான காரணத்தைத் தன் கவிதையிலேயே தேடியது. பிறகு அந்தத் தீர்ப்பையே இலக்கியக் கல்வி என்று பிள்ளைகளுக்குப் போதித்தது.

கஜல் கவிஞர் மீரின் பாடல்களை அவற்றின் சொந்த இலக்கணத்தைக் கொண்டே விளக்கும் நான்கு தொகுதி உரையை விமர்சகர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி எழுதி முடித்தபோது 1990கள் வந்துவிட்டிருந்தன.