கியர் விழும் ஓசை

டிசம்பர், ஜனவரி விடியலில்தான் இந்தக் கோளாறு முகம் காட்டும். கொல்கத்தா மைதான ஓரமாகப் பனிமூட்டத்தில் சைக்கிளில் போகிறீர்கள். கியர் மாற்ற லீவரைத் தள்ளினால் எதிலும் மாட்டாமல் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. சங்கிலி இருந்த பல்சக்கரத்திலேயே கிடக்கிறது. வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோலத் தானே சரியாகிவிடுவதும் உண்டு. விடியலில் ஏன் ஓட்ட வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்நகரக் காவல்துறை 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பிறகு பட்டியல் சுருங்கினாலும், பந்தய சைக்கிள்காரர்களின் நாள் இங்கே இன்னும் சூரியனுக்கு முன்பே தொடங்குகிறது.

"லீவர் போச்சு, புதுசு போடுங்க" என்பது கடைகளில் எளிதில் கிடைக்கும் தீர்ப்பு. பெரும்பாலும் தவறான தீர்ப்பு. எதுவும் உடைந்திருக்காது.

பழைய ரோடு சைக்கிளில் கியர் லீவர்கள் கீழ்ச்சட்டக் குழாயில் இருந்தன. கட்டங்கள் கிடையாது; வயலின்காரர் சுரத்தைத் தேடுவதுபோல விரலும் காதும்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1984இல் ஷிமானோ நிறுவனம் அதற்கு வீணையின் மெட்டுகளைப்போல நிலைகளை வைத்தது. 1990இல் அந்த முழு இயந்திரத்தையும் பிரேக் லீவருக்குள்ளேயே அடக்கியது. பிரேக் லீவரையே உள்பக்கமாகத் தள்ளினால் கேபிள் இழுபடும். பின்னாலுள்ள சின்ன லீவரைத் தட்டினால் ஒரு படி தளரும். கைப்பிடியை விடாமல் இரண்டும் நடக்கும். ஒரு கைப்பிடி அளவில் இவ்வளவு வேலையை ஒளித்துவைத்த சாமர்த்தியத்துக்கு இணையாக இந்தத் துறையில் அதிகம் இல்லை என்பது என் கட்சி.

உள்ளே பல் வெட்டிய சக்கரமும், அதில் மாட்டும் சின்ன உலோக நாக்குகளும், நாக்கை அழுத்தும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் தடவியிருப்பார்கள். கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு பொருள் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய்தான். வருஷங்கள் போகப்போக எண்ணெய் பிரிந்து வெளியேற, சோப்பு மட்டும் பிசினாக மிஞ்சுகிறது. வங்காளத்துக் கோடை அதைத் துரிதப்படுத்துகிறது. அந்தப் பிசினை மீறி நாக்கைப் பல்லில் தள்ள ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதாது. குளிரில் பிசின் இன்னும் இறுகுவதால்தான் ஜனவரியில் லீவர் ஏமாற்றுகிறது.

வைத்தியம் எளிது, பொறுமைதான் விலை. ரப்பர் உறையைப் பின்னால் சுருட்டி, கேபிளைக் கழற்றி, திறந்திருக்கும் சந்துகளில் டபிள்யூடி-40ஓ மண்ணெண்ணெயோ பாய்ச்ச வேண்டும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் சொட்டாமல் கீழே ஒரு துணி. பிறகு இரு லீவர்களையும் மாற்றிமாற்றித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஓசையே வராது. பழுப்பாக ஏதோ கசியும். சற்று நேரத்தில் எப்போதோ ஒரு மந்தமான 'டொக்'. மறுபடி பாய்ச்சி, வழியவிட்டு, தட்டவேண்டும். 'டொக்' மெல்ல 'டிக்' ஆகிறது; விட்டுவிட்டு வந்தது வரிசையாக வரத் தொடங்குகிறது. நல்ல கைகள் இங்கே நிறுத்துவதில்லை. வழியும் திரவம் தெளியும்வரை, நூறு தட்டில் ஒன்றுகூட வெறுமையாகப் போகாத நிலை வரும்வரை தொடர்கின்றன. இந்த ஓசை வித்தியாசம் பிடிபட்டவருக்கு வேறு கருவி வேண்டாம்.

கழுவியதோடு விட்டால் உலோகம் உலோகத்தைத் தின்னும். மெல்லிய எண்ணெய் விட வேண்டும். தையல் மிஷின் எண்ணெயே போதும் என்பேன். உஷா தையல் மிஷின் பிறந்த ஊர் இது. அன்வர் ஷா சாலையில் உஷாவின் தொழிற்சாலை இருந்த மனையில்தான் இன்று சவுத் சிட்டி மால் நிற்கிறது. கெட்டி கிரீஸை மறுபடி அடைப்பவர்கள் அதே நோயை முன்பதிவு செய்கிறார்கள்.

திறந்து பார்க்கும் ஆசைதான் பெரிய எதிரி. காம்பக்னோலோ நிறுவனத்தின் பழைய லீவர்களைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றலாம், அதற்கென்றே செய்தவை. ஷிமானோ அப்படியல்ல. பிரித்தவர்களில் பலர் மீதிப் பாகங்களை டப்பாவில் வைத்திருக்கிறார்கள். கேபிளும் அதன் உறையும் துருப்பிடித்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. அந்த இறுக்கமும் லீவர் கோளாறு மாதிரியே நடிக்கும். மெல்லிய எண்ணெய் நெடுநாள் தங்காது என்பதால், மழைக்காலம் ஓய்ந்து பூஜை விடுமுறை வரும்போது இன்னொரு முறை சொட்டு விட்டுத் தட்டிவைத்தால் குளிர்காலத்துக்குள் வண்டி தயார்.