புதிய நூல்களும் பொது மேடைகளும்: திகில் எழுத்தாளர் தரும் அறிவிப்புகள்

தன் புதிய கதை எந்தத் தொகுப்பில் வந்திருக்கிறது, பழைய நாவல் எந்தப் பதிப்பகத்தின் வழியாக மறுபதிப்புக் காண்கிறது, அடுத்து எந்த ஊரில், எந்த மேடையில் வாசகரைச் சந்திக்கலாம் என்று எழுத்தாளரே அவ்வப்போது தெரிவிப்பது அமெரிக்க, பிரிட்டிஷ் திகில் இலக்கியத்தில் ஊறிப்போன வழக்கம். எல்லா எழுத்தாளர்களும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கிறார்கள். ஆனால் திகில் எழுத்தாளர்களுக்கு இது பிழைப்போடு சேர்ந்தது. அதற்குக் காரணம் சிறுகதை. எட்கர் ஆலன் போ காலத்திலிருந்தே அச்சமூட்டும் எழுத்தின் உயிர் சிறுகதையில்தான் இருந்திருக்கிறது. நாவல் ஒரே பொருளாகக் கடைக்கு வரும். சிறுகதைகளோ ஒன்று ஒரு சிற்றிதழில், இன்னொன்று பலர் எழுதும் தொகுப்பில், மூன்றாவது முந்நூறு பிரதி அச்சிடும் சிறு பதிப்பகத்தில் என்று சிதறிக் கிடக்கும். பெரிய புத்தகக் கடைகள் இவற்றை வாங்கி வைப்பதில்லை. நாளிதழ்களின் மதிப்புரைப் பக்கங்களும் இந்த வகை எழுத்தைப் பெரும்பாலும் தள்ளியே வைத்திருந்தன. எங்கெங்கே என்னென்ன வந்தது என்ற முழுக் கணக்கு எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கணக்கைச் சொல்ல ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எச். பி. லவ்கிராஃப்ட் சாட்சி. 1937இல் அவர் இறந்தபோது, நூல் வடிவில் முறையாக வந்திருந்த அவருடைய படைப்பு ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ ஒன்றுதான். 1936இல் வந்த அந்த நூல் அச்சுப்பிழைகள் மலிந்தது. நூற்கட்டு முடிந்து வெளியே போனவை சுமார் 200 பிரதிகள். மற்ற கதைகளெல்லாம் மலிவுத்தாள் இதழ்களில் புதைந்திருந்தன. நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரீயும் 1939இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’ என்ற பெரிய தொகுப்பை 1,268 பிரதிகள் அச்சிட்டார்கள். விலை 5 டாலர். அந்தக் காலத்தில் அது சாதாரண வாசகரின் கைக்கு எட்டாத விலை. அச்சிட்டவை விற்றுத் தீரச் சில ஆண்டுகள் பிடித்தன. டெர்லெத் சோர்ந்துவிடவில்லை. புதிய வெளியீடுகளின் பட்டியலை அச்சிட்டு வாசகர்களுக்கு அஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1948–49இல் ‘ஆர்க்கம் சாம்ப்ளர்’, 1967 முதல் 1971 வரை ‘ஆர்க்கம் கலெக்டர்’ என்று இதழ்களும் நடத்தினார். லவ்கிராஃப்டின் பெயர் இன்று உலகெங்கும் தெரிவதில் கதைகளின் வலிமைக்கு அடுத்த இடம் இந்த அஞ்சல் பட்டியல்களுக்கு உண்டு என்பது மிகையல்ல.

எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே, அவருடைய செய்திகளுக்கென்றே ஒரு பத்திரிகை நடப்பது ஸ்டீபன் கிங்குக்கு வாய்த்தது. 1985 முதல் 1989 வரை வந்த ‘காஸில் ராக்’ என்ற மாத இதழை அவருடைய மனைவி வழி உறவினர்கள் நடத்தினார்கள். அடுத்து வரும் நூல், படமாகும் கதை, கையெழுத்துப் பிரதி, வாசகர் கேள்வி என்று அந்த ஒரே எழுத்தாளரைச் சுற்றியே அது ஓடியது. அதற்கான தேவை எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

கிங் 1978 முதல் 1981 வரை ஓர் இதழில் ஐந்து பகுதிகளாக எழுதியதைச் சேர்த்து, டொனால்ட் எம். கிராண்ட் என்ற சிறு பதிப்பாளர் 1982இல் ‘தி கன்ஸ்லிங்கர்’ என்ற நூலாக்கினார். அச்சிட்டவை 10,000. பேய்க்கதை எதிர்பார்க்கும் தன் வழக்கமான வாசகருக்கு இது பிடிக்காமல் போகலாம், கதையும் இன்னும் முடியவில்லை என்று கிங் நினைத்ததால் பெரிய விளம்பரம் ஏதும் இல்லை. சேகரிப்பாளர்கள் வாங்கினார்கள், நூல் தீர்ந்தது. 1983இல் ‘பெட் செமட்டரி’ வந்தபோது, ‘இதே ஆசிரியரின் பிற நூல்கள்’ என்ற முன்பக்கப் பட்டியலில் ‘தி கன்ஸ்லிங்கர்’ என்ற பெயரும் இடம்பெற்றது. ஒரே ஒரு வரிதான். லட்சக்கணக்கானோர் வாங்கிய நூலில் அது இருந்தது. கடைக்குப் போய்க் கேட்டவர்களுக்கு அப்படி ஒரு நூலே இல்லை என்ற பதில் கிடைத்தது. பதிப்பகத்துக்கும் கிராண்டுக்கும் கிங்குக்கும் கடிதங்கள் குவிந்தன. கோபக் கடிதங்களும் அவற்றில் உண்டு. 1984இல் இன்னொரு 10,000 அச்சாயிற்று, அதுவும் போதவில்லை. எல்லோரும் வாங்கக்கூடிய மலிவுப் பதிப்பு வர 1988 ஆயிற்று.

இந்த வழக்கத்தின் பலமும் குறையும் அந்த ஒரு வரியிலேயே தெரிகின்றன. எழுத்தாளரின் அறிவிப்பு ஒரு நூலை மறதியிலிருந்து மீட்கும் ஆற்றல் உள்ளது. பதிப்பாளரின் கணக்கையே மாற்றி எழுத வைக்கக்கூடியது. அதே வேளையில், கிடைக்காத பொருளைப் பெயர் சொல்லிக் காட்டுவது வாசகருக்கு இழைக்கும் அநீதி. எத்தனை பிரதி, என்ன விலை, யாரிடம் வாங்கலாம், தீர்ந்துவிட்டதா என்ற நான்கு விவரங்கள் இல்லாத அறிவிப்பு அறிவிப்பே ஆகாது. பெரும்பாலான எழுத்தாளர்கள் நூலின் அட்டைப்படத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு இந்த நான்கில் இரண்டையாவது விட்டுவிடுகிறார்கள்.

சேகரிப்பாளர் சந்தை இதில் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. திகில் உலகில் எண்ணிடப்பட்ட, கையெழுத்திட்ட சிறப்புப் பதிப்புகள் ஏராளம். கிங்கின் ‘மை பிரிட்டி போனி’ என்ற கதையை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் உலோக அட்டையில் கடிகாரம் பதித்த ஆடம்பர நூலாக 1988இல் வெளியிட்டது. இருநூற்றுச் சொச்சம் பிரதிகள். ஒன்றின் விலை 2,200 டாலர். அடுத்த ஆண்டு 50 டாலர் பதிப்பு வந்தது. 1993இல் ஒரு சாதாரணச் சிறுகதைத் தொகுப்பில் அதே கதை சேர்ந்தது. பொறுத்திருந்தவர் மிகக் குறைந்த செலவில் படித்தார். சிறு பதிப்பகங்கள் இத்தகைய பதிப்புகளின் வருமானத்தில்தான் மூச்சு விடுகின்றன என்பது உண்மை. அந்த வருமானம் இல்லையென்றால் புது எழுத்தாளர்களின் முதல் தொகுப்புகள் பல வெளிவந்தே இருக்காது. ஆனால் ஏற்கெனவே வந்த கதையையோ, விரைவில் மலிவாக வரப்போகும் கதையையோ ‘புதிய வெளியீடு’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையில் ஒரு படி குறைவு. ‘இது மறுபதிப்பு’ என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லும் எழுத்தாளரை வாசகர் நம்புகிறார். நம்பிக்கை வந்தபின் சிறப்புப் பதிப்பையும் விரும்பியே வாங்குகிறார்.

வராத நூலை அறிவிப்பது இதைவிடப் பெரிய குறை. பிரிட்டிஷ் திகில் எழுத்தாளர் கிளைவ் பார்க்கரின் ‘தி ஸ்கார்லெட் காஸ்பல்ஸ்’ பற்றி 1990களிலிருந்தே பேச்சு இருந்தது. நூல் வந்தது 2015இல். கிங் 2000இல் ‘தி பிளான்ட்’ என்ற கதையைத் தவணை முறையில் இணையத்தில் நேரடியாக விற்றார். தரவிறக்குவோரில் நான்கில் மூன்று பங்கினர் காசு கட்டினால்தான் தொடர்வேன் என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்திருந்தார். ஆறு பகுதிகளோடு அது நின்றது. கதை இன்றுவரை முடியவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பார்க்கரின் தாமதத்தில் நோயும் நூலின் அளவும் சேர்ந்திருந்தன. கிங் நிபந்தனையை வெளிப்படையாகவே வைத்தார். எனினும் வாசகர் பக்கமிருந்து பார்த்தால் விளைவு ஒன்றுதான். பாதி எழுதிய நூலைப் பற்றி நம்பிக்கையோடு பேசும் ஆசை எழுத்தாளர்களுக்கு எளிதில் வருகிறது. பேசிவிட்ட மறுநாளிலிருந்து அது கடனாகிவிடுகிறது.

இனி மேடை. அச்சமூட்டும் கதைக்கும் குரலுக்கும் உள்ள உறவு பழையது. கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் தன் முதல் பேய்க்கதைகள் இரண்டை 1893 அக்டோபரில் ஒரு சிறு கழகக் கூட்டத்தில் வாசித்தார். பின்னாளில் கிறிஸ்துமஸ் காலத்தில் கிங்ஸ் கல்லூரியில் நண்பர்கள் கூடியிருக்க, மை உலராத கையெழுத்துப் படியோடு அறைக்கு வந்து, ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவத்திகளையெல்லாம் அணைத்துவிட்டு அந்த ஒற்றை வெளிச்சத்தில் படிப்பார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நூலாக அவை தொகுக்கப்பட்டது 1904இல். கதை அச்சேறும் முன் கேட்பவரின் முகத்தில் சோதிக்கப்பட்டது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில் ஜேம்ஸுக்கு இருந்த துல்லியத்தில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இன்றைய திகில் மாநாடுகளில் எழுத்தாளர்கள் வெளிவராத கதையை வாசிக்கும் அமர்வுகள் இந்த மரபின் தொடர்ச்சி. அவற்றைப் பற்றிய முன்னறிவிப்பு வாசகருக்கு உண்மையான பரிசு.

அத்தகைய மாநாடுகள் வளர்ந்த கதை இது. முதல் உலக மிகுபுனைவு மாநாடு 1975இல் லவ்கிராஃப்டின் ஊரான பிராவிடன்ஸில் கூடியது. உலகத் திகில் மாநாடு 1991இல் நாஷ்வில்லில் தொடங்கியது. திகில் எழுத்தாளர் சங்கம் 1987ஆம் ஆண்டின் நூல்களிலிருந்து பிராம் ஸ்டோக்கர் விருது வழங்கிவருகிறது. 2016இல் ‘ஸ்டோக்கர்கான்’ என்ற மாநாட்டையும் தொடங்கியது. பதிப்பாசிரியரும் புது எழுத்தாளரும் ஒரே கூடத்தில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இடம் திகில் துறையில் இவைபோல் வேறில்லை.

நூல் வெளியீட்டுப் பயணங்களிலும் நல்லவை உண்டு. 1994இல் ‘இன்சோம்னியா’ வந்தபோது கிங் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் வெர்மான்ட்டிலிருந்து கலிபோர்னியா வரை நாட்டைக் குறுக்கே கடந்து, பெரிய சங்கிலிக் கடைகளை விட்டுவிட்டு, தனியார் நடத்தும் சிறு புத்தகக் கடைகளில் மட்டும் இறங்கினார். சங்கிலிக் கடைகள் சிறு கடைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தோன்றும் இடத்தைத் தேர்வதன் மூலம் எழுத்தாளர் யாருக்குத் துணை நிற்கிறார் என்று காட்டிய நிகழ்ச்சி அது. பின்னால் வந்த பிரபலங்கள் அவ்வளவாகப் பின்பற்றாத முன்மாதிரி.

ஆனால் மேடை உடலைத் தின்னும். ‘தி சிக்னல்மேன்’ போன்ற பேய்க்கதைகளை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ், ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் வரும் நான்சியின் கொலைக் காட்சியை 1869 ஜனவரி முதல் மேடையில் நடித்து வாசித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பயணம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் வாசித்தபோது மருத்துவர் பக்கத்திலிருந்து நாடி பார்க்கும் நிலை வந்தது; வழக்கமாக 72 இருந்த துடிப்பு வாசிப்பு முடிந்ததும் நூறைத் தாண்டியது. 1870 மார்ச் 15 அன்று லண்டனில் விடைபெறும் வாசிப்பின் முடிவில், இரண்டு வாரத்தில் தன் புதிய தொடர் வாசகரின் வீடுகளுக்கே வரும் என்று மேடையிலேயே அறிவித்தார். அவர் சொன்ன ‘எட்வின் ட்ரூட்’ தொடரின் பன்னிரண்டு பகுதிகளில் ஆறு மட்டுமே எழுதப்பட்டன. ஜூன் 9 அன்று அவர் இறந்தார். வாசிப்பு மேடைகள் அவருடைய ஆயுளைக் குறைத்தன என்பதில் வரலாற்றாசிரியர்கள் பலருக்கு ஐயமில்லை.

பார்க்கர் 2024இன் தொடக்கத்தில் எடுத்த முடிவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட கைப்படிகள் முடிவை எதிர்நோக்கி இருக்கின்றன, எழுத நேரம் வேண்டும் என்று சொல்லி, மாநாடுகளில் தோன்றுவதை அந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்வதாக அவர் தெரிவித்தார். கையெழுத்துக்காக வரிசையில் நின்ற ரசிகர்களுக்கு அது இழப்புதான். ஆனால் எழுத்தாளர் தரக்கூடிய செய்திகளில் மிக மதிப்புள்ளவற்றுள் அதுவும் ஒன்று. ஒரு வார இறுதி மேடையின் விலை எத்தனை பக்கங்கள் என்று அது வாசகரை எண்ண வைத்தது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991 ஏப்ரலில் பாங்கர் நகரில் கிங்கின் வீட்டுக்குள் ஒருவர் வெடிகுண்டு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். மனைவி தபிதா அப்போது வீட்டில் தனியாக இருந்தார். எழுத்தாளர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்பதைப் பொதுவில் சொல்வது, எங்கே இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்வதாகும். பெண் எழுத்தாளர்களுக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல்.

செலவு பேசப்படாத இன்னொரு குறை. சிறப்பு விருந்தினருக்கு மட்டுமே வழிச்செலவும் தங்குமிடமும் கிடைக்கும். மற்றவர்கள் கைக்காசு போட்டு வருகிறார்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் வருமானம் ஒரு மாநாட்டின் விடுதி வாடகைக்கே காணாது. ஆகவே ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்ற நீண்ட பட்டியல் எழுத்தின் தகுதியைக் காட்டிலும் வசதியையும் விடுப்பையும் உடல்நலத்தையும் காட்டுவதாகவே பல நேரம் அமைகிறது. 2020இல் பெருந்தொற்று காரணமாக மேடைகள் காணொளிக்கு மாறியபோது, பயணம் செய்ய முடியாதவர்களின் குரலும் முதல்முறையாகச் சம அளவில் கேட்டது. கூடங்கள் திறந்தபின் அந்த வாய்ப்பு பெருமளவு சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

மேடையே ஏறாதவரும் நிலைக்க முடியும் என்பதைத் தாமஸ் லிகோட்டி காட்டுகிறார். பொது நிகழ்ச்சிகளைத் தவிர்த்தே வாழ்ந்த அவருடைய முதல் தொகுப்பு ‘சாங்ஸ் ஆஃப் எ டெட் டிரீமர்’ 1980களின் நடுவில் சுமார் 300 பிரதிகளோடு வந்தது. 2015இல் பெங்குயின் கிளாசிக்ஸ் வரிசையில் இடம் பிடித்தது. இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள். அத்தனை காலம் காத்திருக்க எல்லா எழுத்தாளர்களாலும் முடியாது. பெயரின் எடையைக் காட்ட கிங்கின் வாழ்விலேயே இன்னொரு சான்று உண்டு. ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1984இல் அவர் வெளியிட்ட ‘தின்னர்’ சுமார் 28,000 பிரதிகள் விற்றது. எழுதியவர் யார் என்று 1985இல் வெளியானதும் விற்பனை பத்து மடங்கானது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

கடைசியாக, ஆவணம் என்ற வகையில் இந்த அறிவிப்புகளின் நிலை. டெர்லெத்தின் தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ‘காஸில் ராக்’ இதழ்களைச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். இன்று மின்வடிவில் வரும் செய்திகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாள் கடந்ததும் ‘வரவிருக்கும்’ நிகழ்ச்சி அழிக்கப்பட்டு அடுத்தது ஏறுகிறது. எழுத்தாளர் இறந்து இணையதளத்தின் ஆண்டுக் கட்டணம் நின்றால் மொத்தமும் மறைகிறது. ஒரு கதை முதலில் எங்கே வாசிக்கப்பட்டது, எந்தச் சிற்றிதழில் எந்த மாதம் வந்தது என்று தேடும் ஆய்வாளருக்கு 1940களைவிட 2000களின் தொடக்கமே இருட்டாக இருக்கிறது. கடந்துபோன நிகழ்ச்சிகளையும் தீர்ந்துபோன பதிப்புகளையும் ஆண்டு வாரியாக விட்டுவைக்கும் எழுத்தாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் வருமானம் ஏதுமில்லை. அந்தத் துறையின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்கள்தான் முதல் ஆதாரம்.